மகளின் பள்ளிப் புவியியல் பயணம் ஜப்பான் சுனாமிப் பகுதிக்கு. அனுப்பலாமா?

கீச்சாங்குப்பத்துப்பெண்:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறோம், மகள் செகண்டரி 3. நவம்பர் கடைசியில் அவளுடைய புவியியல் வகுப்பை ஏழு நாள் ஜப்பானுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். தோக்கியோ, டிஸ்னி என்று நினைத்துவிடாதீர்கள், வடகிழக்கில் தொஹோகு. செண்டாயில் தங்கி இஷினொமாக்கி, ஒனகாவா, ரிக்குசென்தகாத்தா என்று 2011 சுனாமி அடித்த கரையோரமாகவே பயணம். இயற்கைப் பேரிடரும் அதிலிருந்து மீள்வதும்தான் பாடம்.

பணம் பிரச்சினை இல்லை. எனக்கு இரண்டு விஷயம் மனதில் ஓடுகிறது. ஒன்று, அங்கே நிலநடுக்கம் அடிக்கடி வருமே, ஃபுகுஷிமா கதிர்வீச்சும் இருக்கிறதே, பிள்ளையை அனுப்புவது சரியா. இரண்டாவதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன். நான் நாகப்பட்டினத்துக்காரி. 2004 டிசம்பர் 26 காலையில் வீட்டில்தான் இருந்தேன், பத்தொன்பது வயது. என் சித்தியையும் அவர் பையனையும் அன்றைக்குப் பறிகொடுத்தோம். அம்மாவின் தையல் மெஷின் டிராயரை இழுத்தால் மூலையில் இன்னும் அந்த மண் இருக்கிறது, அம்மா துடைக்க விட மாட்டார். மகளிடம் இதுவரை இதைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை. பயண நிரலில் பிள்ளைகள் இறந்துபோன ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதைக் காட்ட வேண்டுமா? மற்றவர்கள் செத்த இடத்தைப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவது போல ஆகிவிடாதா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

புவியியல்_ஆசிரியர்:

அக்கா, நான் இரண்டு முறை மாணவர்களை அந்தப் பகுதிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் காரணத்தை விவரமாகச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும்.

நீங்கள் சொல்லும் பள்ளி இஷினொமாக்கியில் இருக்கும் ஒக்காவா தொடக்கப் பள்ளியாகத்தான் இருக்கும். 2011 மார்ச் 11 மதியம் 2:46க்கு நிலம் நடுங்கியது. ஆசிரியர்கள் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள், அது சரிதான். அப்புறம் சுமார் ஐம்பது நிமிடம் எங்கே போவது என்று முடிவாகாமலே அங்கே நின்றார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. பிள்ளைகள் பாடத்துக்காக ஏறிக் காளான் வளர்த்த குன்று. கடைசியில் அவர்கள் கிளம்பியது ஆற்றுப்பாலத்துப் பக்கம் இருந்த சின்ன மேட்டுக்கு. கித்தாகாமி ஆற்று வழியாகவே ஏறி வந்தது அலை. 108 பிள்ளைகளில் 74 பேர், ஆசிரியர்களும் ஊழியர்களுமாக 10 பேர் போய்விட்டார்கள்.

இப்போது அராஹாமா பள்ளியைப் பாருங்கள். செண்டாய் நகரத்துக்குள், கடலிலிருந்து 700 மீட்டர்தான். ஒக்காவாவோ ஆற்று முகத்திலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் உள்ளே. கடலுக்குப் பக்கத்தில் இருந்த அராஹாமாவில் பிள்ளைகள், ஆசிரியர்கள், ஊர்மக்கள் என்று 320 பேர் மாடியேறி உயிர் பிழைத்தார்கள். தண்ணீர் தரைத்தளத்துக்கு மேலே இருந்த முதல் மாடி வரை வந்தது. ஹெலிகாப்டரில் எல்லாரையும் இறக்கி முடிக்க மறுநாளாகிவிட்டது, அதுவும் பனி பெய்த இரவைக் கடந்து. கடலுக்கு அருகே ஆபத்து, தூரத்தில் பாதுகாப்பு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த என்னையே இந்த இரண்டு இடமும் திருத்தின. இன்னொன்று, நகராட்சியின் அபாய வரைபடத்தில் ஒக்காவா சுனாமி வரும் எல்லைக்கு வெளியேதான் இருந்தது. வரைபடம் வரைவதுதான் எங்கள் பாடம், அதனால் அந்த மைதானத்தில் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. பெற்றோர்கள் வழக்குப் போட்டு, 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போய், பள்ளியும் நகராட்சியும் முன்கூட்டியே திட்டம் போட்டிருக்க வேண்டும் என்ற தீர்ப்பை நிலைநிறுத்தினார்கள். பிள்ளையை இழந்த பெற்றோர்களில் சிலர்தான் அங்கே வருகிறவர்களுக்கு இன்றைக்கும் நடந்ததைச் சொல்கிறார்கள். அவர்களே வந்து பாருங்கள் என்று கூப்பிடும்போது அதை வேடிக்கை பார்ப்பது என்று நான் நினைக்கவில்லை.

ஒன்று மட்டும் பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒக்காவாவில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும், பேருந்தை விட்டு இறங்கி இருபது நிமிடத்தில் ஏறுவதாக இருந்தால் போகாமலே இருக்கலாம். நவம்பர் கடைசியில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போகச் சொல்லுங்கள்.

செண்டாய்வாசி:

இங்கே பல வருடமாக வேலை பார்க்கிறேன். பாதுகாப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபுகுஷிமா அணு உலை செண்டாயிலிருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தெற்கே, உங்கள் நிரலில் இருப்பதெல்லாம் வடக்கே. கதிர்வீச்சை நினைத்து நாங்கள் யாரும் இங்கே பயந்து வாழவில்லை, குழந்தைகளோடுதான் இருக்கிறோம். நிலநடுக்கம் வரத்தான் செய்யும். பெரிதாக வருமென்றால் எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறும், அந்தச் சத்தம் முதல் முறை கேட்பவரைத் தூக்கிவாரிப் போடும். அதை முன்பே ஒரு தடவை மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். கட்டடத்துக்குள் இருந்தால் மேஜைக்கு அடியில், கடற்கரையில் இருந்தால் யாருக்கும் காத்திராமல் மேட்டுக்கு, அவ்வளவுதான்.

மீட்சி என்பதைப் பற்றி ஆசிரியர் சொல்லாத ஒரு பக்கம் இருக்கிறது. ரிக்குசென்தகாத்தாவில் மலையை வெட்டி, கன்வேயர் பெல்ட்டில் மண்ணை ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்து, பழைய ஊரின் மேலே பத்து மீட்டருக்கும் அதிகமாக உயர்த்தினார்கள். கடல் பக்கம் 12.5 மீட்டர் சுவர். பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் மண் கொட்டி முடிக்கப் பல வருடம் ஆனது, அதற்குள் ஜனங்கள் வேறு ஊரில் வேர் பிடித்துவிட்டார்கள், உயர்த்திய மனைகள் நிறைய இன்னும் புல் முளைத்துக் கிடக்கின்றன. அதோடு சேர்த்தே ஒனகாவாவையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஊர்க்காரர்கள் உயரமான சுவர் வேண்டாம், கடல் கண்ணில் படட்டும் என்று முடிவெடுத்து, வீடுகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டுக் கடைகளைக் கீழே வைத்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து இறங்கினால் நேரே கடல் தெரியும். எது சரி என்று நான் சொல்ல மாட்டேன். சுவர் கட்டிய ஊரில் ஒரு மீனவர், காலையில் எழுந்தால் கடலின் முகம் தெரியவில்லை, அது என்ன மனநிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று என்னிடம் கேட்டார். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சட்டென்று புரியும்.

நாகூர்_தம்பி:

அக்கா, நானும் நாகை மாவட்டம்தான். 6,000க்கும் மேல் போன மாவட்டத்தில் பிறந்துவிட்டு இதைப் பிள்ளைகளிடம் பேசாமல் வைத்திருப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தயவுசெய்து மகள் விமானம் ஏறும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். ஜப்பானியர் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லும் கதையைக் கேட்டு அழுதுவிட்டு வந்து, அப்புறம் தன் அம்மாவுக்கும் இதுதான் நடந்தது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

அந்த அராஹாமா பள்ளியைப் பற்றி ஆசிரியரிடம் ஒரு கேள்வி. நம் ஊரில் ஏறுவதற்குக் குன்றே கிடையாதே, டெல்டா முழுக்கத் தட்டை. எங்களுக்கு அன்றைக்கு எச்சரிக்கையும் இல்லை. இப்போது ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007இலிருந்து. எச்சரிக்கை வந்தாலும் ஏற இடம் வேண்டுமே?

புவியியல்_ஆசிரியர்:

தம்பி, அதனால்தான் அராஹாமாவை விடக் கூடாது என்கிறேன். செண்டாய் சமவெளியும் நம் கடற்கரை மாதிரியே தட்டைதான், மலை வெகு தூரம். அங்கே பள்ளி மாடிதான் குன்று. உள்ளே தள்ளி இருந்த விரைவுச் சாலையின் மண்மேட்டில் ஏறிப் பிழைத்தவர்களும் உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் பிற்பாடு கடலுக்கு இணையாகப் போகும் இன்னொரு சாலையையே 6 மீட்டர் உயர்த்தி இரண்டாவது தடுப்பாக்கிவிட்டார்கள். வடக்கே போகப் போக நிலம் மாறும், மலை நேரே கடலில் இறங்கும், நீளமான குறுகிய வளைகுடாக்கள், அலை அதற்குள் நெருக்கப்பட்டு உயரும். ஆனால் ஓடி ஏற மலை பக்கத்திலேயே இருக்கும். கமாய்ஷியில் ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் ஓடிப் பிழைத்தார்கள், பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு. அவரவர் தனித்தனியே ஓடு, ஒருவருக்காக ஒருவர் காத்திராதே என்பதற்கு அங்கே ‘தென்தென்கோ’ என்று ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். கேட்கக் கடினமாக இருக்கும். மற்றவரும் ஓடியிருப்பார் என்று நம்பினால்தான் ஓட முடியும், அந்த நம்பிக்கையை முன்பே வீட்டில் பேசி வைக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

கீச்சாங்குப்பத்துப்பெண்:

எல்லாருக்கும் நன்றி. அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி உட்கார்ந்து பேசிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. எந்தப் பக்கம் ஓடினீர்கள் அம்மா என்றுதான் முதலில் கேட்டாள். காகிதத்தை எடுத்து எங்கள் தெரு, கோயில், பாலம், படகுகள் வந்து குவிந்த இடம் என்று வரைந்து காட்டினேன். சித்தி வீடு எது என்று கேட்டாள், அதையும் குறித்தேன். அப்புறம் பென்சிலை வாங்கி, பக்கத்தில் மாடி வீடு ஏதாவது இருந்ததா என்று அவளே ஒவ்வொன்றாகக் கேட்டுக் கட்டம் போட்டாள். இரண்டுதான் இருந்தது. அந்தக் காகிதத்தை மடித்துப் பயணக் குறிப்பேட்டில் வைத்திருக்கிறாள்.

பணம் கட்டியாகிவிட்டது. ஒக்காவாவுக்குக் காலையில் போக முடியுமா என்று பள்ளிக்கு எழுதியிருக்கிறேன். குளிருக்கு என்ன மாதிரி காலணி வாங்குவது என்று செண்டாய்க்காரர் சொன்னால் நல்லது.