இரவு ஓட்டத்தில் ஓட்டுநருக்குத் தூக்கக் கலக்கம்: எப்படித் தவிர்ப்பது?

லாரி உரிமையாளர், நாமக்கல்:
நாக்பூரிலிருந்து திரும்பிய என் லாரி, அதிகாலை 4 மணியளவில் தொப்பூர் இறக்கத்தில் தடுப்புச் சுவரை உரசி நின்றது. கண் திறந்தபடியே சில நொடிகள் உறங்கிவிட்டதாக ஓட்டுநர் சொன்னபோது நெஞ்சு பதறியது. என்ன செய்யலாம்?

ஓட்டுநர், சங்ககிரி:
ஐயா, பீடியும் தேநீரும் முகத்தில் அடிக்கும் தண்ணீரும் தூக்கத்தை விரட்டாது. கொட்டாவி தொடர்ந்து, கடந்து வந்த ஊரே நினைவில் இல்லாமல் போனால், பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி 20 நிமிடமாவது கண்ணயர வேண்டும். தாமதத்துக்காகப் படிக்காசில் பிடித்தம் செய்தால் யார் நிறுத்துவார்?

தொழிற்சங்க ஊழியர், சேலம்:
1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்திருந்தது. நெடுந்தூரத்துக்கு இரண்டு ஓட்டுநர்கள் இருப்பதே நல்லது.

லாரி உரிமையாளர்:
அடுத்த நடைக்கு இரண்டாவது ஓட்டுநரை அமர்த்திவிட்டேன்; சரக்கு இறக்கும் நேரத்தையும் அரை நாள் தள்ளிக் கேட்டிருக்கிறேன்.