ஸ்கோபஸ்ல நான் ரெண்டு ஆளா இருக்கேன், ஒண்ணாக்க உதவுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, பாளையங்கோட்டைலேருந்து எழுதுதேன். அரசியல் தொடர்பியல்ல, தேர்தல் மேடைப்பேச்சு, சுவரெழுத்து பத்தி 19 கட்டுரை போட்டிருக்கேன். 8 தமிழ்ல.

வேலைக்கு விண்ணப்பிக்க எச்-இண்டெக்ஸ் கேக்காங்க. 2005ல ஹிர்ஷ்ங்கிற இயற்பியலாளர் சொன்ன கணக்கு அது: மத்தவங்க கட்டுரைகள்ல தலா 5 மேற்கோளாவது வாங்கின கட்டுரை நமக்கு 5 இருந்தா எண் 5. ஆய்வுக் கட்டுரையையும் மேற்கோளையும் எண்ணிக் காட்டுற தளங்கள்ல, கூகுள் ஸ்காலர்ல எனக்கு 6, ஸ்கோபஸ்ல 2. எல்லாம் இந்த இனிஷியல் பண்ற வில்லங்கம். ஒரு இதழ்ல அப்பா பேரு முழுசா கடைசிப் பேரா நிக்கி, இன்னொண்ணுல ஒத்தை எழுத்து மட்டும். அதனால ஸ்கோபஸ் என்னை ரெண்டு ஆளுன்னு எடுத்துக்கிட்டு, மேற்கோள் ரெண்டு பக்கமா பிரிஞ்சு கெடக்கு. மேலப்பாளையம் சுவரெழுத்து பத்தித் தமிழ்ல எழுதினதுதான் என் உருப்படியான கட்டுரைனு நினைக்கேன். அதுக்கு மேற்கோள் சைபர்! சரி, அதை விடுங்க.

ரெண்டு ஸ்கோபஸ் பக்கத்தையும் ஒண்ணாக்கச் சொல்லி யாராவது விண்ணப்பிச்சிருக்கீங்களா? எத்தனை நாளாச்சு? ஆய்வாளர் ஒவ்வொருத்தருக்கும் தனியா தர்ற ஆர்சிட் அடையாள எண் வச்சிருக்கேன், அதை இணைச்சா போதுமா? தமிழ்க் கட்டுரைகளை ஸ்காலர்ல கையால சேத்துட்டேன், வேலை விண்ணப்பத்துல அதைக் காட்டலாமா?

சுந்தரனார் பல்கலைக்கழகத்துல இந்த வேலை தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, அபிஷேகப்பட்டிக்கு நேர்லயே வாரேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்.