'வெரிஃபைடு': மழைக்கு முன் ஒரு சொல் வேண்டும்

தேவிகுளத்திலிருந்து:

கலைச்சொல் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். ஜூன் பிறந்தால் எங்கள் இடுக்கி மலையில் மழை. வெள்ளத்திலும் மண்சரிவிலும் மாட்டிக்கொண்டவர்கள் உதவி கோருவதற்காக எங்கள் தன்னார்வலர்கள் செய்துவரும் வலைத்தளம் அதற்குள் தமிழிலும் வந்தாக வேண்டும். மலையாளமும் ஆங்கிலமும் தயார். பெயர், எஸ்டேட், டிவிஷன், லயத்து நம்பர், எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, தினமும் மருந்து சாப்பிடுகிறவர் உண்டா என்பது வரை சிக்கல் இல்லை. முதலில் தெருப்பெயர் கேட்டிருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஏது தெரு என்று சண்டை போட்டு மாற்றினேன்.

ஒரே ஒரு சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். உதவி கேட்டு ஒரு பதிவு வந்ததும் அந்த நம்பரைத் திரும்ப அழைப்போம். ஆள் இருக்கிறார், இடம் சரி, நிலைமை உண்மை என்று தெரிந்தால் பதிவின் மேல் 'வெரிஃபைடு' என்று பச்சை அடையாளம் விழும். இதற்குச் 'சரிபார்க்கப்பட்டது' என்று போட்டிருந்தேன். நேற்று என் சித்தியிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கொழுந்தெடுக்கப் போகிறவர், நன்றாகவே படிப்பார். "சரி, பாத்துட்டாங்க, வந்துடுவாங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் வருகிறார்கள் என்று அந்தப் பச்சை சொல்லவே இல்லை. அதை நம்பி ஒரு குடும்பம் மேட்டுக்கு ஏறாமல் வீட்டுக்குள்ளேயே காத்திருந்தால்?

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு சொல் சொல்லுங்கள்.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து:

தம்பி, சரிபார்த்தல் கணக்குப்பிள்ளையின் சொல். வரவுக்கும் செலவுக்கும் பொருந்தும், வெள்ளத்துக்குப் பொருந்தாது. மெய்ப்பித்தல் என்றால் வழக்கை நிறுவுவது, அதுவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் சாட்சி நிற்பது. அதற்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: கரி. 'இந்திரனே சாலுங் கரி' என்று குறளில் வரும் இடத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சாலும், சான்று, சான்றோர் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதையும் பாருங்கள். நிறைந்தவன் சொல்தான் சான்று என்று மொழியே நினைத்திருக்கிறது. ஆகவே 'கரிபெற்றது'. சரிபார்க்காமல் பரப்பும் வாட்ஸ்அப் செய்திக்குப் 'பொய்க்கரி'. சிலம்பின் முடிவில் உலகத்தாருக்குச் சொல்லும் அறங்களில் 'பொய்க்கரி போகன்மின்' என்பதும் ஒன்று. கண்ணகி கோட்டம் நிற்கிற மலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

பீருமேட்டிலிருந்து:

ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தை அச்செடுத்து எட்டாம் வகுப்பில் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் ஆசையாகக் கேட்டார்கள். அப்புறம் 'கரிபெற்றது' என்று பலகையில் எழுதி, உங்கள் வீட்டுப் பதிவில் இப்படி வந்தால் என்ன நினைப்பீர்கள் என்று கேட்டேன். வீடு எரிந்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆபத்தில் இருப்பவர் படிக்கிற சொல்லை விளக்கவுரையோடு கொடுக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'பார்க்கப்பட்டது', 'செய்யப்பட்டது' என்று எழுதும்போது செய்தவர் மறைந்துபோகிறார். யார் பார்த்தார்கள்? அதிகாரியா, தீயணைப்பு வீரரா, கணினி முன்னால் இருக்கும் கல்லூரிப் பையனா? சித்தி தவறாகப் படித்ததற்குப் பாதிக் காரணம் அந்தப் 'பட்டது'தான். எழுவாய் வேண்டும். 'கேட்டு உறுதிசெய்தோம்' என்று போடலாமே?

குமுளியிலிருந்து:

நான் நிரல் எழுதுகிறவன், இலக்கணம் பேசத் தகுதியில்லை. ஆனால் ஐயாவின் பாதை தவறானதல்ல. 2008 தொடக்கத்தில் கென்யாவில் தேர்தல் கலவரம் நடந்தபோது மக்கள் அனுப்பிய செய்திகளை வரைபடத்தில் குறிக்க ஒரு தளம் எழுதினார்கள். அதற்கு வைத்த பெயர் உஷாஹிதி. சுவாஹிலியில் சாட்சியம் என்று பொருள். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் பிறந்த பேரிடர் மென்பொருளுக்குச் சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் 'சஹனா' என்ற பெயர். இருவரும் சொந்த மொழியில்தான் பெயர் வைத்தார்கள்.

2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது மக்கள் 4636 என்ற எண்ணுக்குக் கிரியோல் மொழியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். வெளிநாடுகளில் இருந்த ஹைட்டிக்காரர்கள் இணையத்தில் உட்கார்ந்து அவற்றை ஆங்கிலமாக்கி இடத்தையும் குறித்தார்கள். ஊர் வழக்கு தெரிந்தவர்களால்தான் அது முடிந்தது. லயத்தில் தெரு இல்லை என்று தேவிகுளத்துத் தம்பி சொன்னதும் அதே வேலைதான்.

'பொய்க்கரி' மட்டும் எனக்கு ஒப்பவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளாரெஸ்க்யூ தளத்துக்காக நாங்களும் போன் செய்து கேட்டோம். எங்களை அலைக்கழித்த செய்திகள் பெரும்பாலும் பொய்யில்லை, பழசு. முந்தின நாளே காப்பாற்றப்பட்ட பாட்டிக்காக மறுநாளும் நூறு பேர் அதே செய்தியைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அன்போடு பகிர்ந்தவரைப் பொய்ச்சாட்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சித்தூரிலிருந்து:

பொய்க்கரியைத் திரும்பப் பெறுகிறேன். நண்பர் சொன்னது நியாயம்.

ஆனால் டீச்சர் சொன்ன 'உறுதி' மிகக் கனமான சொல். உறுதிப்பொருள் நான்கு என்கிறோம். உறுதிமொழி என்றால் வாக்குக் கொடுப்பது. 'உறுதிசெய்தோம்' என்று படிப்பவர் மீட்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வார். சித்தியின் குழப்பம் அப்படியேதான் நிற்கும். மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளை, அடுக்கும்போது காண்டலை முதலில் வைத்து, கருதலை அடுத்து வைக்கிறான். கண்டது வேறு, ஊகித்தது வேறு, பிறர் சொல்லக் கேட்டது வேறு. உங்கள் பச்சை அடையாளம் கேட்டதைத்தான் குறிக்கிறது. எனவே 'கேட்டறிந்தது'.

இடுக்கண் என்ற சொல்லையும் ஒருமுறை யோசியுங்கள். இடுங்கிய கண் என்பார்கள். இடுக்கு என்றால் நெருக்கமான சந்து, அதிலிருந்துதான் இடுக்கி. துன்பமும் அந்த மலையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது என் துணிபு. இது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

குமுளியிலிருந்து:

ஐயா பிரித்த பிரிவு இன்றும் அப்படியே இருக்கிறது. எச்சரிக்கைச் செய்திகளுக்கு 'கேப்' என்றொரு பொது வடிவம் உண்டு. நம் நாட்டின் பேரிடர் எச்சரிக்கைத் தளமான 'சசேத்'தும் அதில்தான் இயங்குகிறது. அதில் நிச்சயத்துக்கு ஐந்து படிகள். முதல் படியே 'கண்டது'. அடுத்த மூன்றும் எந்த அளவுக்கு நடக்கக்கூடும் என்பதைக் குறிப்பவை, கடைசி 'தெரியாது'.

தேவிகுளத்திலிருந்து:

ஐயா, 'கேட்டறிந்தது' அழகாக இருக்கிறது. ஆனால் என் தரப்பையும் கேளுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்களை மூடியது. 70 உயிர்கள். கரண்டும் இல்லை, போனும் இல்லை, வெளியே தெரிந்தது விடிந்த பிறகுதான். அன்று எந்த வலைத்தளமும் உதவியிருக்காது என்பது தெரியும். சிக்னல் இருக்கிற அடுத்த லயத்திலிருந்து ஒருவர் எழுதக்கூடிய நாளுக்காகத்தான் இதைச் செய்கிறோம். அந்த நாளில் அவர் நிறுத்திப் பொருள் தேடக் கூடாது.

மலையாளப் பக்கத்தில் 'ஸ்திரீகரிச்சு' என்றிருக்கிறது. டிவி செய்தியில் தினமும் கேட்பதால் இங்கே எல்லோருக்கும் காதில் பழகிய சொல். அதையே வைக்கலாம் என்று எங்கள் குழுவில் சிலர் சொல்கிறார்கள். தமிழுக்கென்று ஒரு பக்கம் திறந்து அதில் மலையாளத்தையே எழுதி வைப்பதா? எனக்கு மனமில்லை. 'பேசினோம்' என்று போடட்டுமா?

குமுளியிலிருந்து:

போன் போகாத இடத்தில் பக்கத்து டிவிஷன்காரரிடமோ வார்டு மெம்பரிடமோ கேட்டுத்தான் பச்சை போடுவோம். அப்போது 'பேசினோம்' பொய்யாகிவிடும்.

பீருமேட்டிலிருந்து:

'விசாரித்தோம்'?

உடம்பு முடியாதவரை விசாரித்தேன், ஊருக்குப் போனால் விசாரித்ததாகச் சொல் என்கிறோம். நேரிலும் விசாரிக்கலாம், பக்கத்து வீட்டிலும் விசாரிக்கலாம். விசாரித்துவிட்டு ஒருவர் வருவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. வகுப்பில் எழுதிப் பார்த்தேன். "கேட்டுருக்காங்க, இனிமேதான் ஆள் அனுப்பணும்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். நமக்கு வேண்டிய பொருள் அதுதானே.

சித்தூரிலிருந்து:

விசாரம் வடசொல். கவலை என்றும் பொருள். காவல் நிலையத்து விசாரணையும் நினைவுக்கு வரும். நூறு ஆண்டு கழித்தும் நிற்கும் சொல்லைத் தேடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தேவிகுளத்திலிருந்து:

ஐயா, எனக்கு இந்த ஆகஸ்ட் தாண்டி நின்றால் போதும். சித்தியிடமும் காட்டினேன், சரியாகப் படித்தார். 'விசாரித்தோம்' ஏற்றிவிட்டேன். அதன் கீழே சின்ன எழுத்தில் 'ஆள் இன்னும் கிளம்பவில்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்' என்று ஒரு வரி. ஆள் புறப்பட்டதும் அந்த வரி மாறும். குமுளி அண்ணன் சின்னத் திரையிலும் வரி உடையாமல் சரிசெய்து தந்தார்.

சித்தூரிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். கலைச்சொல் பட்டியலில் 'கேட்டறிந்தது' என்பதையும் என் மறுப்போடு சேர்த்துக் குறித்து வையுங்கள். தம்பி, ஒன்று கேட்க வேண்டும். இன்னும் பச்சை விழாத பதிவுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

தேவிகுளத்திலிருந்து:

'இன்னும் விசாரிக்கவில்லை' என்று.

பீருமேட்டிலிருந்து:

ஐயோ, அது வேண்டாம். கைக்குழந்தையோடு காத்திருக்கும் தாய் அதைப் படித்தால் நம்மை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நினைப்பாள். 'உங்கள் செய்தி வந்து சேர்ந்தது' என்று போடுங்கள். நீளம் என்றால் 'வந்தது' மட்டும். திங்கட்கிழமை வகுப்பில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.