புதுப்பிப்பு: ஜெய்சல்மேர் கோட்டைக்குப் போய் வந்தாயிற்று

"கோட்டைக்கு அரை நாள் போதுமா, உள்ளேயே தங்கலாமா?" என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அரை நாள் போதவே போதாது.

ராஜஸ்தானில், 1156-இல் மன்னர் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கிய கோட்டை. மஞ்சள் மணற்கல், 99 கொத்தளங்கள், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வாசல்கள். இதெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனால் கோட்டைக்குள் இருக்கும் தசரா சௌக் என்ற சதுக்கத்தைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்ததும்தான் இது ஊர் என்பது உறைத்தது. கொடியில் துணி காய்கிறது, திண்ணையில் பாட்டி வெங்காயம் உரிக்கிறார், வழியை மறித்து ஒரு மாடு. நாம்தான் அடுத்தவர் வீட்டு முற்றத்தில் கேமராவோடு நிற்கிறோம்! கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

சமணக் கோயில்களுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். தோல் பொருள் எதுவும் கூடாது. நான் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே சிற்பம் பார்த்தேன்.

அப்புறம், தங்கும் விஷயம். நான் வெளியே, கோட்டை தெரியும் ஒரு மாடியில் தங்கினேன். மழை குறைந்த பாலைவனத்துக்காகக் கட்டிய கோட்டை அது. இப்போது குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் குன்றுக்குள் இறங்கி அடித்தளத்தை இளக்குகின்றன. கொத்தளங்கள் சில சரிந்தும் இருக்கின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் குளிக்கட்டும். என் பங்குக்கு இரண்டு வாளி வேண்டாம் என்று தோன்றியது.

மாலையில் கடீசர் ஏரிக்குப் போனேன். படகில் ஏறவில்லை, வரிசை அவ்வளவு நீளம்.