2.7 கிலோவைத் தூக்கி அலுத்துவிட்டேன்: மேக்புக் ஏர் வாங்கலாமா?

ஈசூன் ஆசிரியை:
சிங்கப்பூரில் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் ஈசூனிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வரை எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே பயணம். மடிக்கணினியையும் அதன் செங்கல் போன்ற சார்ஜரையும் சமையலறைத் தராசில் வைத்தேன்: 2.7 கிலோ. தோள்வலி என்று போனால், "பையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் மருத்துவரே முதலில் கேட்டார்.

ஃபூனான் கடைத்தொகுதியில் ஆப்பிளின் 13 அங்குல மேக்புக் ஏரை (எம்4 சில்லு, 2025இல் வந்தது) ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். 1.24 கிலோ. அப்பளக்கட்டு போல இருந்தது. கடையை விட்டு வெளியே வந்ததும் சந்தேகங்கள் தொடங்கிவிட்டன. யுஎஸ்பி-சி போர்ட் இரண்டே இரண்டு. நான் பாடம் காட்டுவதோ மாணவர் வீட்டுத் தொலைக்காட்சியில். அதற்கு எச்டிஎம்ஐ வேண்டும். உள்ளே விசிறியும் கிடையாதாம். குளிர்சாதனம் போடாத வீடுகளில் பிற்பகல் மூன்று மணிக்கு அது என்ன பாடுபடும்? தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கிளமெண்டி கணக்கர்:
நான் எம்2 ஏர் வைத்திருக்கிறேன், அதிலும் விசிறி இல்லை. அக்கா, பாடம் நடத்துவதற்கெல்லாம் சூடாகாது. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள் காணொளியைத் தொகுத்தபோதுதான் விசைப்பலகைக்கு மேலே தோசைக்கல்லாகக் காய்ந்தது, வேகமும் குறைந்தது. மற்றபடி சத்தமே இல்லை. சார்ஜருக்குத் தனியாகக் காந்த இணைப்பு இருப்பதால் இரண்டு போர்ட்டும் உங்களுக்கே. எச்டிஎம்ஐ அடாப்டரை மறந்து வீட்டில் வைத்துவிட்டு ஒருமுறை வாடிக்கையாளர் முன் அசடு வழிந்தேன். அன்று முதல் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று பையை விட்டு வெளியே வராது. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் கூடவே வருகின்றன. அந்தக் கருநீல நிறம் மட்டும் வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் ரேகைக் கண்காட்சிதான்.

பழைய திருப்புளி:
இருபது ஆண்டுகள் பழுதுபார்த்தவன் சொல்கிறேன். போர்ட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது அடாப்டரோடு முடிந்துவிடும். பிறகு மாற்ற முடியாததைப் பாருங்கள். 2008இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தபால் உறையிலிருந்து முதல் ஏரை உருவிக் காட்டினாரே, அதிலேயே 2 ஜிபி ரேமை (நினைவகத்தை) மதர்போர்டோடு பற்றவைத்திருந்தார்கள். இன்றும் அந்தக் கதைதான். "அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்" என்று ஏதோ ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி மெல்லிய கணினி வாங்கியவர்கள் என்னிடம் வந்து நிற்பார்கள். கழற்றிக் காட்டுவதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்? எம்4 ஏரில் 16 ஜிபி அடிப்படையிலேயே இருக்கிறது, உங்கள் வேலைக்குப் போதும். 256 ஜிபி சேமிப்பகம்தான் இடிக்கும்; வெளிவட்டு ஒன்று வாங்கினால் சமாளிக்கலாம்.

இன்னொன்று, தேத்தாரிக். விசைப்பலகை மேல்மூடியோடு ஒன்றாகப் பிணைந்தது. உள்ளே தேநீர் இறங்கினால் மேல்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டிவரும், ரசீதைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். மாணவர் வீட்டில் உபசரிப்பார்கள் அல்லவா, கோப்பையைப் பக்கத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.

அடாப்டரே வேண்டாம் என்றால் 14 அங்குல எல்ஜி கிராமைப் பாருங்கள். ஏரைவிட எடை குறைவு, எச்டிஎம்ஐ, பழைய யுஎஸ்பி இரண்டும் உண்டு. ஆனால் மூடியை அழுத்தினால் வளையும். நெரிசலில் பையை மார்போடு அணைத்துக்கொள்கிறவர் என்றால் எனக்குத் தயக்கம்தான்.

ஈசூன் ஆசிரியை:
தேத்தாரிக் விஷயம் திக்கென்றது, போன மாதம்தான் ஒரு பையன் மைலோவைப் பாடநூலில் கவிழ்த்தான். நெரிசலில் நான் பையை அணைத்துக்கொண்டுதான் நிற்கிறேன், அதனால் ஏர்தான், வெள்ளி நிறத்தில், அடாப்டர் இரண்டோடு. சனிக்கிழமை போகிறேன். தராசையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி மகன் கேலி செய்கிறான்.