ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது: என் ஹேண்டி ரைஃபிள் அனுபவம்

மடக்கித் திறக்கும் ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் நவீனச் சாமான்கள் மாட்ட நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன்கட்டையில், அதாவது பேரலுக்கு (குழலுக்கு) அடியில் கை பிடிக்கும் கட்டையில், பைபாட் என்னும் இரட்டைக்கால் தாங்கியை மாட்டாதீர்கள். நான் மாட்டினேன். ஆறு சனிக்கிழமைகள் அதிலேயே போயின.

என்னுடையது எச் அண்ட் ஆர் நிறுவனத்தின் ஹேண்டி ரைஃபிள், .308 தோட்டாவுக்கானது. டெக்சாஸில் ஓர் அடகுக்கடையில் பழையதாக வாங்கினேன். 2015-இல் இதன் தயாரிப்பே நின்றுவிட்டதால் இப்போது பழையதுதான் கிடைக்கும். வாங்குகிறவர்கள் சட்டகத்தை, அதாவது பேரலும் கட்டையும் வந்து பொருந்தும் நடு இரும்புப் பகுதியை, கவனியுங்கள். ஷாட்கன்னுக்கான எஸ்பி1 சட்டகமும் ரைஃபிளுக்கான எஸ்பி2 சட்டகமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எஸ்பி1-இல் .308 பேரலை மாட்டினால் அந்த அழுத்தத்தை அது தாங்காது, உயிருக்கே ஆபத்து. எஸ்பி2 என்றாலும், யாரிடமோ வாங்கிய பேரல் அப்படியே போய் உட்காராது. ஒவ்வொன்றையும் அந்தந்தச் சட்டகத்துக்கு என்று பொருத்தித்தான் அனுப்பினார்கள்.

எனக்குத் தேவை காட்டுப்பன்றிக்கு. தெரிந்த பண்ணைக்காரர் ஒருவரின் சோளக்காட்டை அவை ஒரே இரவில் உழுது போட்டுவிடும். 2019 செப்டம்பரிலிருந்து, நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட டெக்சாஸில் வேட்டை லைசென்ஸ் தேவையில்லை.

முதலில், தோளில் வைக்கும் பின்கட்டையான ஸ்டாக்கை மாற்றினேன். மரக்கட்டையைக் கழற்றிவிட்டு, பெருவிரல் நுழையும் துளையும் கன்னம் வைக்க உயரம் கூட்டிக் குறைக்கும் மேடும் உள்ள ஒன்றைப் போட்டேன். ஸ்டாக்கைப் பிடித்திருக்கும் நீளமான போல்ட், தோளில் படும் ரப்பர் பட்டைக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அந்தப் பட்டையின் இரண்டு ஸ்க்ரூவையும் திரும்பப் போடும்போது முனையில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவுங்கள். ரப்பர் கிழியாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். செய்ததிலேயே பயனுள்ள மாற்றம் இதுதான். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு நேராகக் கண் தானாக வந்து நிற்கிறது.

அப்புறம் ஸ்கோப். இந்த வகைத் துப்பாக்கியில், சாமான்களை மாட்டும் பட்டையான ரெயில் பேரலின் மேலேயே இருக்கும். மடக்கும்போது ஸ்கோப்பும் பேரலோடு சேர்ந்து சாயும். அதில் குறையில்லை. சிக்கல், சுடுவதற்கு முன் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைக்கும் சுத்தியில்தான். ஸ்கோப்பின் பின்பக்கம் சரியாகச் சுத்திக்கு மேலே வந்து நிற்கிறது, கட்டைவிரல் போக இடமில்லை. ஒரு ஜனவரி விடியலில் பன்றி வந்து, நின்று, திரும்பிப் போய்விட்டது. இழுத்து வைத்த சுத்தியை மெல்ல இறக்க வேண்டும். கையில் தடித்த உறை. குழலை மண்ணைப் பார்த்துச் சாய்த்துக்கொண்டு விசையைத் தொட்டபோது விரல் வழுக்கியது. உடனே விசையை விட்டேன். விசை அழுத்தியிருந்தால் மட்டுமே மேலே வரும் டிரான்ஸ்ஃபர் பார் உள்ளே இருப்பதால் தோட்டா வெடிக்கவில்லை. ஆனால் அந்த 'டக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாளே, சுத்தியின் மேல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும் சின்ன இரும்புக் கொம்பு ஒன்றை வாங்கி மாட்டினேன். ஸ்கோப் வைக்கிறவர்கள் அதை மாட்டாமல் வெளியே எடுத்துப் போகாதீர்கள். தயவுசெய்து.

இனி பைபாட். ரெயில் வைத்த முன்கட்டை ஒன்றில் பைபாட்டையும் விளக்கையும் மாட்டினேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. கூட வந்த நண்பர், "அண்ணா, இது ராணுவத்துக்கே போகலாம்" என்றார். 100 கெஜத்தில் ஐந்து தோட்டா சுட்டேன். காகிதத்தில் ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் செங்குத்தாக நான்கு அங்குலத்துக்கு ஏறியிருந்தன. பக்கவாட்டில் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை. ஸ்கோப் தளர்ந்திருக்கும் என்று ஸ்க்ரூவை இறுக்கினேன், தோட்டா பிராண்டை மாற்றினேன், காரணம் பிடிபடவே இல்லை.

கடைசியில் பைபாட்டைக் கழற்றிவிட்டு, மணல் பையைச் சட்டகத்தின் கீலுக்கு அடியில் வைத்துச் சுட்டபோதுதான் விஷயம் விளங்கியது. இந்தத் துப்பாக்கியில் முன்கட்டை தொங்குவது பேரலின் அடியில் இருக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூவில். அங்கே பைபாட் வைத்தால் துப்பாக்கியின் பாரம் முழுக்க பேரலை மேலே தள்ளும். ஒவ்வொரு முறையும் நாம் சாயும் பாரம் மாறுகிறது, தள்ளலும் மாறுகிறது. பேரல் சூடானால் இன்னும் மோசம். கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் பேரலைக் கட்டையில் படாமல் தனியாக விட வழி உண்டு. இதில் கட்டையே பேரலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

விளக்கை ஸ்கோப் வளையத்துக்கு மாற்றினேன். பழைய மர முன்கட்டையைத் திரும்பப் போட்டு, ஸ்க்ரூ இறங்கும் இடத்தில் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் வளையம் வைத்தேன். ஹேண்டி ரைஃபிள்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் வேலைதான். கட்டை அந்த ஒரு புள்ளியைத் தவிர வேறெங்கும் அழுத்துவதில்லை. மூன்று தோட்டாவுக்கு ஒருமுறை பேரலை ஆறவிட்டுச் சுட்டால் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுகிறது.

ஸ்டாக்கின் பக்கத்தில் ஐந்து தோட்டா செருகும் எலாஸ்டிக் பட்டை ஒன்றும் இருக்கிறது. ஒரே தோட்டாவோடு நிற்கிறவனுக்கு அடுத்தது கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது பெரிய தைரியம்.

பேரல் நீளத்தில் மட்டும் கை வைக்கவில்லை. 16 அங்குலத்துக்குக் கீழே போனால் அமெரிக்கச் சட்டப்படி அது வேறு வகைத் துப்பாக்கி; வெட்டும் முன்பே பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். பைபாட்டை அந்த நண்பருக்கே கொடுத்துவிட்டேன். அவருடைய போல்ட் ஆக்‌ஷனில் அது நன்றாகவே வேலை செய்கிறது.