சமையல் நிகழ்ச்சி எப்போது விளையாட்டானது?

கல்லடிக்காரி: அம்மம்மா 'குக்கு வித் கோமாளி' பார்த்துவிட்டு, "இதில சமையல் எங்க பிள்ளை?" என்று கேட்கிறா. முன்பு ஒருவர் நின்று அளவு சொல்வார், நாங்கள் கொப்பியில் எழுதுவோம். எப்போது மாறியது?

மருதமுனை வாசகர்: 1963இல் அமெரிக்காவில் ஜூலியா சைல்ட் என்ற சமையற்கலைஞர் தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டத் தொடங்கியபோது அது பாடம்தான். 1993இல் ஜப்பானின் 'அயன் செஃப்' போட்டி நிகழ்ச்சி சமையற்கட்டை ஆடுகளமாக்கியது. சமைக்கத் தெரியாதவரும் பார்ப்பார்களே, விளம்பரம் விடுமா? அப்புறம் 2009இல் 'மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா', 2019இல் உங்கள் கோமாளிகள்.

களுவாஞ்சிகுடியான்: சரி, அளவு சொல்ல இப்போது யூடியூப் இருக்கிறது. ஆனால் எங்கள் மீன் சொதிக்குத் தேங்காயின் முதற்பால் எப்போது விடுவது?

மருதமுனை வாசகர்: இறக்கும் நேரம். நன்றாகக் கொதித்தால் திரைந்துவிடும். தேசிப்புளி அடுப்பை அணைத்த பிறகுதான்.